படிக்காமல் விட்ட வரிகள்

செந்துறை
6-7-1978

மாப்பிள்ளை செல்லமுத்துவுக்கு ராசாங்கம் எழுதுவது.

நாங்கள் இங்கே ஏதோ இருக்கிறோம். சென்னையில் தண்ணீருக்கு அடிதடி என்று ரேடியோவில் சொன்னார்கள். நீ குளிக்கிறாயா, இல்லை பவுடர் போட்டுச் சமாளிக்கிறாயா?

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். எழுதுவது உன் அக்கா குஞ்சம்மாள், சொல்வது நான். போன மாதம் திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வாடிவிட்டதாம். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். இரண்டு வருஷம் முன்னால் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. எதிரே நிற்பது ஆளா தூணா என்பது அது வாயைத் திறந்தால்தான் தெரிகிறது.

ஒப்பாரி வைக்க இதை எழுதவில்லை. விஷயம் தொடர்கதை. ‘கல்லுக்குழி’ ஆடியில் ஆரம்பம் என்று ஆசிரியர் விளம்பரம் போட்டுவிட்டார், படம் போடுவது நீதான் என்றும் சொல்லிவிட்டார். காலையில் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். மாலையில் திரும்பப் படித்துக் காட்டுகிறாள், நான் திருத்தம் சொல்கிறேன். வியாழக்கிழமை அரியலூருக்கு பஸ் ஏறி, ஸ்டேஷனில் தபாலில் சேர்த்துவிட்டு வருகிறாள். தாலுகா ஆபீஸில் இருந்த காலம் முழுக்க எனக்கு இப்படி ஒரு கிளார்க் அமையவில்லை.

என் கண் விஷயம் ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ‘பார்வையிழந்த எழுத்தாளரின்’ என்று தலைப்புக்கு மேலே கொட்டை எழுத்தில் போடுவார், இல்லாவிட்டால் நாசூக்காக நிறுத்திவிடுவார். இரண்டுமே எனக்கு ஆகாது. வாயை மூடிக்கொண்டு படத்தைப் போடு.

ராசாங்கம்

(கீழே, அதே கையெழுத்தில்)

தம்பி, இது நானா எழுதறது. அவருக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன். மேல சொல்லியிருக்கிற மாதிரி அவர் தெம்பா இல்ல. விடியக்காலையில எழுந்து ரெண்டு கையையும் முகத்துக்கு நேரா வெச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார். என்னங்கன்னு கேட்டா கொசுங்கறார். கதை சொல்ல ஆரம்பிச்சாத்தான் பழைய ஆளு. அதனால ஆசிரியர்கிட்ட மூச்சு விடாத. வேளைக்குச் சாப்பிடு.


சென்னை-5
22-7-1978

மாமாவுக்கும் அக்காவுக்கும் செல்லமுத்துவின் வணக்கம். குளிக்கிறேன் மாமா. ஒருநாள் விட்டு ஒருநாள்.

கண் விஷயத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குக் கை ஓடவில்லை. என்ன எழுதினாலும் அசட்டுத்தனமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டலாமா? நான் தங்கியிருக்கும் ரூமில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

முதல் அத்தியாயம் வந்தது. ஆசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னய்யா, உங்க மாமா கையெழுத்து இவ்வளவு லட்சணமாயிடுச்சு?” என்றார். “பிரதி எடுக்க ஆள் வச்சிருக்காரு சார்” என்றேன். பொய்யில்லையே.

வீராயி கல்லுக்குழி ஓரத்தில் கூடையோடு நிற்கிற இடத்தைப் படமாகப் போட்டிருக்கிறேன். அக்கா பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும். அக்கா, நீயும் இரண்டு வரி எழுதக் கூடாதா?

செல்லமுத்து


செந்துறை
31-8-1978

மாப்பிள்ளைக்கு,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், அதில் ஒருவன் பிரபலமாகவும் இருக்கிறான். ஐந்து வாரத்தில் பை நிறைய வாசகர் கடிதம். லால்குடியிலிருந்து ஒரு ஆசிரியை, வீராயிக்கு ஏதாவது ஆனால் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். எழும்பூருக்கு வரச் சொன்னாய். திருச்சிக்காரர் சொன்னதையே எழும்பூர்க்காரர் இன்னும் நாகரிகமாகச் சொல்வார், வேறென்ன?

உன் அக்கா எழுதுவதோடு நிற்பதில்லை. ஆறாம் அத்தியாயத்தில் வீராயியின் மாமியாரைச் சாகடிக்க இருந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அந்தக் கெழவி உங்களை என்னா பண்ணிச்சு?” என்றாள். கெழவி பிழைத்துக்கொண்டது. இப்போது கதை அதை வைத்துத்தான் நகர்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். பிள்ளை இல்லாத வீட்டில் எங்களுக்குச் சண்டை போட ஒரு மாமியார் கிடைத்திருக்கிறாள்.

முன்னே வெள்ளிக்கிழமை மட்டும் விரதம் இருப்பாள். இப்போது செவ்வாயும் சேர்ந்துகொண்டது, போன வாரம் திங்களும். சாமியிடம் என் கண்ணைக் கேட்கிறாளாம். எனக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து விசிறுகிறாள். “நீ சாப்பிடலையா?” என்றால் “விரதங்க” என்கிறாள். நீயாவது எழுதி அவளுக்குப் புத்தி சொல்.

ராசாங்கம்

(கீழே, அதே கையெழுத்தில்)

தம்பி, விரதமெல்லாம் இல்ல. சோறு எறங்கல. எறங்கினாலும் தங்கல. வயித்துல வலது பக்கம் கட்டியா கைக்குத் தட்டுது. வியாழக்கெழமை தபால் போட்டுட்டு அரியலூர்ல லேடி டாக்டர்கிட்ட காட்டினேன். அந்தம்மா அமுக்கிப் பாத்துட்டு ரொம்ப நேரம் கையைக் கழுவிக்கிட்டே இருந்துது. உடனே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுது.

தை பொறக்கட்டும், கதை முடிஞ்சதும் போறேன். நான் பாதியா இளைச்சிட்டேன், தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. கேக்காதவர் அவர் ஒருத்தர்தான். அவருகிட்ட எதையும் எழுதிடாத. எழுதினாலும் படிக்கப்போறது நான்தானே.


சென்னை-5
5-9-1978

அக்கா,

கவரின் மேல் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இதை மாமாவுக்குப் படிக்காதே. படிக்கவும் மாட்டாய்.

நீ எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தை வரைக்கும் கட்டி காத்திருக்குமா? கதை ஒரு வாரம் வராவிட்டால் என்ன, ஊர் மூழ்கிவிடுமா? இதை மாமாவிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது. கடிதம் போட்டால் நீ படிப்பாய். தந்தி அடித்தாலும் உன் கைக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுக்கு எழுதினால், அவர்கள் உன்னிடம்தானே முதலில் வந்து கேட்பார்கள்!

நாளைக்கே பஸ் ஏறு அக்கா. மாமாவையும் கூட்டிக்கொண்டு போ. நான் நேரே தஞ்சாவூருக்கு வந்துவிடுகிறேன். உன் காலில் விழுகிறேன்.

செல்லமுத்து


அரியலூர்
14-9-1978

தம்பிக்கு,

ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து எழுதறேன். இப்பதான் அத்தியாயத்தைப் போட்டேன். வீட்டுல வெச்சு எழுதினா பேனா சத்தம் கேட்டு “என்ன எழுதுறே”ங்கறார். காது அப்படிக் கூர்மையாயிட்டுது.

நீ திட்டியிருக்கிறது நியாயம்தான். ஆனா நான் சொல்றதையும் கேளு. ஒரு பேச்சு சொன்னாப் போதும், அந்த நிமிஷமே கதையை நிறுத்திடுவார். எனக்காக நிறுத்துவார், அது எனக்குத் தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரி என்னாச்சுன்னாலும் திரும்பி இந்த வூட்டுக்குத்தானே வரணும்? கண்ணும் இல்ல, கதையும் இல்லன்னா அவர் என்ன செய்வார்? நான் இருந்தாலும் என்ன செய்வார், நான் இல்லாட்டி என்ன செய்வார்? ஒரு கதையை முழுசா இப்படிச் சொல்லி முடிக்க முடியும்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா, நாளைக்கு வேற யாரையாவது வெச்சுக்கிட்டும் சொல்லுவார். அதுக்குத்தான் நான் பாக்கறேன்.

வலி தாங்கற மாதிரிதான் இருக்கு. தீபாவளிக்கு வா. வந்து பேசாம இருந்துட்டுப் போறதா இருந்தா வா.

அக்கா


சென்னை-5
8-11-1978

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த முறுக்கை இன்னும் பிரிக்கவில்லை.

நீ சொன்னபடி பேசாமல் இருந்துவிட்டுத்தான் வந்தேன். மாமா என்னிடம் கேட்டாரே, “மாப்ள, உங்க அக்கா கொரலு எளச்ச மாதிரி இருக்கே, உனக்குத் தெரியுதா?” என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ அடுப்படியிலிருந்து “சளிங்க” என்றாய். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாய். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். அது உன் கை மாதிரியே இல்லை.

உன் பேச்சை இதுவரைக்கும் கேட்டாயிற்று. இனி என்னால் இங்கிருந்து என்ன முடியுமோ அதைச் செய்யப் போகிறேன். நீயும் திட்டுவாய், அவரும் திட்டுவார். திட்டுங்கள்.

செல்லமுத்து


சென்னை
20-11-1978

மதிப்பிற்குரிய எழுத்தாளர் ராசாங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பார்வைக் குறைவு குறித்து ஓவியர் செல்லமுத்து மூலம் அறிந்து மிகவும் வருந்தினோம். இந்நிலையிலும் வாரம் தவறாமல் தாங்கள் அத்தியாயங்களை அனுப்பி வந்தது எங்களை நெகிழச் செய்தது.

எனினும் தங்களை மேலும் சிரமப்படுத்துவது முறையன்று என ஆசிரியர் குழு கருதுகிறது. ‘கல்லுக்குழி’ தொடரை இன்னும் இரண்டு அத்தியாயங்களில் நிறைவு செய்து, ஒருசேர அனுப்பி உதவும்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் நிலை பற்றி இதழில் ஏதும் வெளியிட மாட்டோம். நலம் பெற வேண்டுகிறோம்.

ஆசிரியர்


செந்துறை
30-11-1978

செல்லமுத்துவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

குருடன் என்று ஊரார் யாரும் இதுவரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. என் மைத்துனன் ஆசிரியரின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறான். உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? நீ சென்னைக்குப் போக வேண்டும் என்றபோது உன் அப்பனிடம் உனக்காக மல்லுக்கு நின்றவன் நான். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதை. அதன் கழுத்தைப் பிடித்துத் திருகிவிட்டாய். ஏழு அத்தியாயத்தில் சொல்ல வேண்டியதை இரண்டில் அடைத்து, வீராயியை அரைகுறையாக நடுரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

காரணம் எதுவும் எழுதாதே. இனி இந்த வீட்டு வாசலை நீ மிதிக்க வேண்டாம். உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது உன் அக்கா அழுகிறாள். அழட்டும். ஒரு எழுத்து விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ராசாங்கம்

(கீழே, அதே கையெழுத்தில்)

அவர் சொன்னதை அப்படியே எழுதிட்டேன். உன்மேல எனக்கும் கோபம். கடைசி அத்தியாயம் சொல்லி முடிச்சுட்டு, துண்டால முகத்தை மூடிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தார். நான் எதுக்குப் பயந்தேனோ அதை நீ கொண்டாந்து வெச்சுட்டே.

நான் பொழைக்கணும்னு செஞ்சே. அதுவும் புரியுது. திங்கக்கெழமை தஞ்சாவூர் போறோம். அவர்கிட்ட இன்னும் சொல்லல. அவர் கண்ணைக் காட்டத்தான் போறோம்னு சொல்லி வெச்சிருக்கேன்.


தஞ்சாவூர்
12-1-1979

மாப்பிள்ளைக்கு,

மறுபடி மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி. இதை எழுதித் தருவது ஜைனம்பு என்கிற பெண். பக்கத்துப் படுக்கையில் அவருடைய அம்மா. லப்பைக்குடிக்காட்டுக்காரர், கணவர் துபாயில் இருக்கிறார். வாரம் ஒரு கடிதம் எழுதிப் பழக்கப்பட்ட கை.

என் கண்ணைக் காட்டப் போகிறோம் என்றுதான் கிளம்பினேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். செத்த கண்ணை எத்தனை ஊரில் காட்டுவாய் என்று கத்தினேன், பஸ்ஸில் ஆட்கள் சிரித்தார்கள். திருமானூர்ப் பாலத்தின் மேல் போகும்போது உன் அக்கா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். “இதைக் காட்டத்தாங்க போறோம்” என்றாள். தஞ்சாவூர் வரை நான் கையை எடுக்கவில்லை.

திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். எல்லா இடத்திலும் பரவியிருக்கிறதாம். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் போகிறோம். நீ இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்திலேயே நின்றபோது நான் உன்னிடம் பேசவில்லை. உன்மேல் கோபம் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். எனக்குள் இருக்கிற குஞ்சம்மாளின் முகம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அது நன்றாகச் சாப்பிட்டு, பூ வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிற முகம். என் பக்கத்தில் படுத்திருக்கிறவள் அவள் இல்லை என்று தெரிகிறது. யாரைக் கேட்டாலும் “நல்லாத்தாங்க இருக்காங்க” என்கிறார்கள். அவளைக் கேட்டால் சிரிக்கிறாள். நான் யாரோடு இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ எழுது. முகம் வரைகிறவன் நீ, உனக்குத் தெரியும். எதையும் மறைக்காதே. ஜைனம்பு படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ராசாங்கம்

ஐயா சொன்னத அப்படியே எழுதிருக்கேன். அம்மா என்னா எழுதறீங்கன்னு கேட்டாங்க. ஊருக்குன்னு சொன்னேன். — ஜைனம்பு


சென்னை-5
19-1-1979

மாமாவுக்கு,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வரைந்து அனுப்ப முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டதால் பல் பெரிதாகத் தெரிகிறது. கண்ணும் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் கண் பழைய அளவுதான், சுற்றியிருந்த சதைதான் போய்விட்டது. வெள்ளை விழி மஞ்சளாக இருக்கிறது. அக்காவின் கறுப்பில் ஒரு மினுமினுப்பு உண்டல்லவா, அது இல்லை. சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. வகிடு அகலமாகிவிட்டது. மூக்குத்தி பாரம் தாங்காமல் சாய்ந்திருக்கிறது. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்திருக்கிறது, தாலிக் கயிறு அந்தக் குழியில் போய்க் கிடக்கிறது. ரவிக்கையை இரண்டு பக்கமும் ஊக்குப் போட்டுப் பிடித்திருக்கிறாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

நீங்கள் சுவரைத் தடவிக்கொண்டு வராந்தாவில் வருகிற சத்தம் கேட்டதும், அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள், முடியை ஒதுக்கிக்கொள்கிறாள். உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தும் செய்கிறாள். நான் அங்கே நின்ற இரண்டு நாளும் பார்த்தேன். அப்போது மட்டும் பழைய முகம் கொஞ்சம் வருகிறது.

மறைக்க வேண்டாம் என்றீர்கள். செத்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரிதான் மாமா இருக்கிறாள். இதை எழுதின கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

செல்லமுத்து


செந்துறை
3-2-1979

தம்பிக்கு,

வீட்டுக்கு வந்துட்டோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்காம கெடக்குது வூடு. வலிக்கு மாத்திரை குடுத்திருக்காங்க, போட்டா தூக்கம் வருது. உனக்கு இருமல்னு போன தடவை பாத்தேன், இப்ப எப்படி இருக்கு?

ஜைனம்பு அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்களுக்கு முந்தியே ஊருக்குப் போயிட்டுது. உன் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேருந்து திருப்பி விட்டு இன்னிக்குத்தான் இங்க வந்துது. அவர் கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தார். “யார்கிட்டேருந்து?”ன்னார். நீன்னு சொன்னேன். “அதை வேற யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லலாம்”னார். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எதையோ என்கிட்டேருந்து மறைக்கறார்னு. மறைக்கறதுல அவருக்கு என் அளவுக்குச் சாமர்த்தியம் போதாது. நானே படிக்கறேன்னு பிரிச்சேன்.

ரெண்டாவது வரியிலேயே புரிஞ்சுது. பழைய புத்தி தொண்டை வரைக்கும் வந்துது தம்பி. உடம்பு தேறி வருது, முகம் தெளிஞ்சிருக்குன்னு ரெண்டு வரி சொல்லிட்டு மடிச்சு வெச்சிருப்பேன். இத்தனை மாசமா உன் கடிதத்தை எல்லாம் அப்படித்தானே படிச்சேன். அவர் மூஞ்சைத் தூக்கி என் பக்கமா வெச்சுக்கிட்டு, நான் எதைச் சொன்னாலும் நம்பத் தயாரா உக்காந்திருந்தார். அதைப் பாத்ததும் முடியல.

முழுசாப் படிச்சேன். கன்னத்தைப் படிச்சேன், பல்லைப் படிச்சேன். முகத்தைத் துடைச்சுக்கறேன்னு எழுதியிருந்தியே, அந்த எடத்துலதான் வெக்கமாப் போச்சு. கடைசியில செத்துக்கொண்டிருக்கிற ஆள்னு இருந்த எடத்துல நின்னேன். “ஏன் நிறுத்திட்டே?”ன்னார். அதையும் படிச்சேன்.

கையை நீட்டினார். கிட்டப் போயி உக்காந்தேன். கன்னத்தைத் தொட்டார், கழுத்துக் குழியைத் தொட்டார், ஊக்கு ரெண்டையும் தொட்டார். நரையை மட்டும் கையால பாக்க முடியல, அதுக்கு “நெசமா?”ன்னு கேட்டார். “நெசந்தாங்க”ன்னேன். செல்லமுத்து சரியாத்தான் எழுதியிருக்கான்னார். அப்புறம் சத்தம் போட்டு அழுதார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர் அப்படி அழுது நான் பாத்ததில்ல. எனக்கும் அழணும்போல இருந்துது, நானும் அழுதேன். ரெண்டு பேரும் மறைக்காம அழுதோம்.

அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, இன்னொரு தடவை படின்னார்.

படிச்சேன்.

உன் அக்கா
குஞ்சம்மாள்